தோற்ற பிறகும் ஏன் பாடுகிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

ஆகஸ்டில் கொலம்பஸ் வந்து, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை தொடங்கியிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஆய்வகத் தோழர்களோடு தொலைக்காட்சியில் பார்த்த ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில், தோற்ற அணியினர் உள்ளே போகாமல் மாணவர்களைப் பார்த்து வரிசையாக நின்று பாடியது ஏன் என்பது முதல் கேள்வி. வரும் சனிக்கிழமை அரங்கத்துக்குப் போகும் நீங்களும் அப்படி நின்று பாட வேண்டுமா என்பது இரண்டாவது. நம் அணி தோற்றால் திங்கட்கிழமை ஆய்வகத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது மூன்றாவது. இதே பல்கலைக்கழகத்தில் படித்து இதே ஊரில் குடும்பத்தோடு தங்கிவிட்டவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் பாடல்கள் இருக்கின்றன. ஒரு வகை, அணி புள்ளி எடுக்கும்போதெல்லாம் பேண்டு வாத்தியக் குழு அடித்து நொறுக்கும் போர்ப்பாட்டு. அது எதிரணியைச் சீண்டுவதற்கும் கூட்டத்தை எழுப்புவதற்கும் உரியது, தோற்ற பிறகு அதற்கு வேலை இல்லை. மற்றொரு வகை, மெதுவான நடையில் அமைந்த பல்கலைக்கழகப் பாடல். பட்டமளிப்பு விழாவிலும், பழைய மாணவர் கூடுகையிலும், சில வேளைகளில் இறுதிச் சடங்கிலும்கூடப் பாடப்படுவது அது. நீங்கள் தொலைக்காட்சியில் கேட்டது இரண்டாவது வகை. அது வெற்றியைப் பற்றிய பாட்டே அல்ல என்பதால், தோல்விக்குப் பிறகு அதைப் பாடுவதில் முரண் எதுவும் இல்லை.

நம் பல்கலைக்கழகத்தின் பாடல் ‘கார்மென் ஒஹாயோ’. ஃபிரெட் கார்னெல் என்ற மாணவர் எழுதியது. பழைய கிறித்தவத் துதிப்பாடல் ஒன்றின் மெட்டில் அமைந்தது. 1902இல் நம் பரம எதிரியான மிச்சிகன் அணியிடம் 86–0 என்று நம் அணி தோற்றதே, அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஊர் திரும்பும் ரயிலில் அவர் இதை எழுதினார் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். இல்லை, மறு ஆண்டு பல்கலைக்கழகப் பாடகர் குழு கேட்டுக்கொண்டதற்காக எழுதினார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ரயில் கதை மெய்யோ பொய்யோ, தங்கள் வரலாற்றின் மிக மோசமான தோல்வியைத் தங்கள் பாட்டின் பிறப்போடு சேர்த்துச் சொல்வதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 86–0 என்ற எண்ணிக்கையை மறைக்க நினைப்பவர்கள் அந்தக் கதையை இத்தனை காலம் காப்பாற்றியிருக்க மாட்டார்கள்.

பாட்டு நூறாண்டைக் கடந்தது என்றாலும், ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கூடி நின்று அதைப் பாடும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. 2001இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஜிம் டிரெஸ்ஸல் ஏற்படுத்தியது அது. 2025இல் இம்மாநிலத்தின் துணை ஆளுநர் ஆனாரே, அவர்தான். அவர் 2011இல் ஒரு விதிமீறல் விவகாரத்தில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த பயிற்சியாளர்கள் எத்தனையோ மாற்றினார்கள், இதை மட்டும் மாற்றவில்லை. ‘ஆதி காலத்திலிருந்து இப்படித்தான்’ என்று அரங்கத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் உங்களிடம் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். கால் நூற்றாண்டு என்பது இங்கே ஆதி காலம்தான்.

அந்த நேரத்தில் நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கடிகாரம் நின்றதும் இரு அணியினரும் நடுத்திடலில் கை குலுக்குகிறார்கள்; பிறகு நம் வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டபடி அரங்கின் தெற்கு முனைக்கு, மாணவர் பகுதியை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வரிசையாக நின்று, இடமும் வலமுமாக மெல்ல அசைந்தபடி பாடுகிறார்கள். முழங்கையிலும் கழுத்திலும் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் ஒட்டியிருக்கும். முதலாண்டு வீரர்கள் சிலருக்குச் சொற்கள் சரியாக வராது; பக்கத்தில் நிற்பவனின் வாயைப் பார்த்து ஒரு சொல் பின்னதாக வாயசைப்பார்கள். கடைசி அடியில் மாநிலத்தின் பெயர் வரும்போது எல்லோரும் கைகளால் அதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும் (O-H-I-O) காற்றில் வடித்துக் காட்டுவார்கள். வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் இதுவே முறை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு: அரங்கின் தென்கிழக்குக் கோபுரத்தில் ஒரு வெற்றி மணி இருக்கிறது. சொந்த அரங்கில் வென்றால் அதை அடிப்பது 1954இலிருந்து வழக்கம். தோற்ற அன்று பாட்டு உண்டு, மணி கிடையாது.

ஏன் பாடுகிறார்கள் என்பதற்கு நான் கண்ட விடை இது. வென்ற அணி தன் கூட்டத்தின் முன்னால் நிற்பதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. கூப்பிடாமலே போய் நிற்கும். தோற்ற அணி நிற்பதுதான் கடமை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அரங்கில், தங்கள் பிழைகளை எல்லோரும் பார்த்த பிறகு, ஓடி ஒளியாமல் தங்களோடு வகுப்பில் உட்காரும் மாணவர்களின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. மாணவர்களும் கோபத்தில் எழுந்து போய்விடாமல் நிற்க வேண்டியிருக்கிறது. தோற்ற நாளில் பாடாத அணி வென்ற நாளில் பாடினால் அது வெறும் கொண்டாட்டம் என்பது என் எண்ணம்.

இந்தக் கடமையை மிகக் கண்டிப்பாக வைத்திருப்பவர்கள் ராணுவக் கல்லூரிகள்தாம். 1890இல் தொடங்கிய ராணுவ–கடற்படை ஆட்டம் டிசம்பரில் நடக்கும். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் இருக்கும் பக்கம் போய், விறைப்பாக நின்று, தோற்றவர்களின் பாடலுக்கு மரியாதை செய்கின்றன. பிறகு திடலைக் கடந்து வென்றவர்களின் பக்கம் போய் அவர்களுடைய பாடலுக்கு நிற்கின்றன. அதனால் அங்கே வெல்ல வேண்டும் என்று சொல்வதற்குப் பதிலாக ‘இரண்டாவதாகப் பாட வேண்டும்’ என்றே சொல்வார்கள். 2022இல் இரண்டு கூடுதல் நேரச் சுற்றுகள் வரை போய் 20–17 என்று கடற்படை தோற்றது; அத்தனை நெருக்கமான தோல்விக்குப் பிறகும் அந்தப் பையன்கள் முதலில் பாடத்தான் வேண்டியிருந்தது. பட்டம் பெற்றதும் இரு பக்கத்தாரும் ஒரே நாட்டின் படைகளில் அதிகாரிகளாகப் போகிறவர்கள் என்பதால், வென்றவன் தோற்றவனின் பாட்டுக்கு நிற்பது அங்கே வெறும் நாகரிகம் அல்ல.

எல்லாப் பயிற்சியாளர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை. இண்டியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், 2013இல் ஓக்லஹோமாவிடம் சொந்த அரங்கில் 35–21 என்று தோற்ற பிறகு வீரர்கள் பாடாமல் உள்ளே போய்விட்டார்கள். தோற்ற நாளில் பாட வேண்டாம் என்பது பயிற்சியாளர் பிரையன் கெல்லியின் முடிவு என்று அப்போது தெரியவந்தது. தோல்வி முடிந்த கணத்தில் பையன்களின் மனம் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த நிலையில் அவர்களைக் கூட்டத்தின் முன் நிறுத்துவதைவிட உள்ளே அழைத்துப் போய்ப் பேசுவதே சரி என்பது அவர் தரப்பு நியாயம். மாணவர்கள் மனம் வருந்தினார்கள். நான் மாணவர்கள் பக்கம். ஆனாலும் கெல்லி சொன்னது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கீழே நிற்கும் வீரர்களில் ஒருவனின் தந்தையாக நான் இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

இவை எல்லாவற்றையும்விட நீங்கள் அறிந்திருக்க வேண்டியது டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அது இருக்கும் ஆஸ்டின் நகரில் உங்களுக்கு நண்பர்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் பேசும்போது உதவும். அங்கே ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் வீரர்கள் தங்கள் ரசிகர்கள் பக்கம் திரும்பி, விரல்களைக் காளைக் கொம்புபோல் உயர்த்தி, ‘தி ஐஸ் ஆஃப் டெக்சஸ்’ என்ற பல்கலைக்கழகப் பாடலுக்கு நிற்பது வழக்கம். அந்தப் பாடல் 1903இல் முதன்முதலாகப் பாடப்பட்ட நிகழ்ச்சி, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து நடிக்கும் வகையைச் சேர்ந்தது. 2020 ஜூனில், காவலர் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் இறந்ததை ஒட்டி நாடெங்கும் கிளர்ச்சி நடந்தபோது, அப்பல்கலைக்கழக விளையாட்டு வீரர்கள் அந்தப் பாடலை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். நிர்வாகம் பாடல் தொடரும் என்றும், யாரும் பாடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் அறிவித்தது. அந்த அக்டோபரில் டாலஸ் நகரில் ஓக்லஹோமாவுடன் நான்கு கூடுதல் நேரச் சுற்றுகள் ஆடி 53–45 என்று டெக்சஸ் தோற்றது. பாடல் ஒலித்தபோது பெரும்பாலான வீரர்கள் உள்ளே போய்விட, அணியின் ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் சாம் எலிங்கர் கிட்டத்தட்டத் தனியாகத் திடலில் நின்றார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. சிலருக்கு அது விசுவாசம், சிலருக்குத் துணைவீரர்களைக் கைவிட்டது. அவர் என்ன நினைத்து நின்றார் என்பதை ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். வீரர்கள் பாட்டுக்கு நிற்காவிட்டால் நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று பணக்காரப் பழைய மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பியது பிறகு செய்தியானது. 2021 மார்ச்சில் பல்கலைக்கழகம் அமைத்த குழு, பாடல் இனவெறி நோக்கத்தோடு எழுதப்பட்டதல்ல என்று அறிக்கை தந்தது. பாடல் இன்றும் இருக்கிறது.

இதை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தோற்ற நாளில் நிற்பது மதிப்புக்குரியது என்று நான் மேலே சொன்னது, நிற்பவன் தானாக நிற்கும்போதுதான் பொருந்தும். காசு கொடுப்பவன் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவனை நில், பாடு என்று சொன்னால் அது வேறு கதை.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் தோற்ற பிறகும் இருக்கையை விட்டுப் போகாமல், அடுத்த ஆட்டத்துக்கான முழக்கப் பயிற்சியை அங்கேயே செய்துவிட்டுத்தான் கலைவார்கள். தாங்கள் தோற்பதே இல்லை, சில நாள் நேரம் போதாமல் போய்விடுகிறது என்பது அவர்கள் கொள்கை. விஸ்கான்சினில் வெற்றியானாலும் தோல்வியானாலும் பேண்டு குழு ஆட்டத்துக்குப் பிறகு ஒரு முழுக் கச்சேரியே நடத்தும்.

இப்போது காலம் மாறுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2025–26இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வீரர்கள் பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் எளிதாக மாறவும் செய்கிறார்கள். சென்ற ஆண்டு வேறொரு பாட்டுக்கு நின்றவன் இந்த ஆண்டு நம் பாட்டுக்கு நிற்கிறான். பழைய மாணவர்களில் சிலருக்கு இது கசக்கிறது. உழைக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா என்று நான் கேட்பேன். கூலி வாங்கிக்கொண்டும் தோற்ற நாளில் வந்து நிற்கிறான் என்றால் அதற்கு முன்பைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் விழா முடிவில் நாட்டுப்பண் பாடும்போது நிற்பது போல எழுந்து நின்றால் போதும். தொப்பி இருந்தால் கழற்றிவிடுங்கள். பாடாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்திலிருப்பவர் உங்கள் தோளில் கை போடுவார். முன்பின் தெரியாதவராக இருந்தாலும் விலக்காதீர்கள், அது இங்கே வழக்கம். பாட விருப்பமிருந்தால் முதல் பத்தியைக் கற்றுக்கொண்டால் போதும். இரண்டாவது பத்தி இந்த ஊரில் பிறந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அரங்கம் முழுவதும் கட்டுண்டு நிற்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பெரிய தோல்வியென்றால் கடைசிக் கால் பகுதியிலேயே பாதிக் கூட்டம் கார் எடுக்கக் கிளம்பிவிடும். நின்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். மாணவர் என்ற வகையில் உங்கள் இடமும் அதுதான். அக்டோபர் கடைசிக்குப் பிறகு போவதாக இருந்தால் கையுறையும் தடித்த காலுறையும் எடுத்துப் போங்கள். மூன்றரை மணி நேரம் வெட்டவெளியில் உட்கார வேண்டியிருக்கும். பை கொண்டு போவதானால் உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பைதான் அனுமதி.

மூன்றாவது கேள்வி, திங்கட்கிழமை. உங்கள் பேராசிரியர் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்றவர் என்றால், அவராகப் பேச்சை எடுக்கும் வரை ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். எடுத்துவிட்டால் நடுவர்களைக் குறை சொல்வது எப்போதும் பாதுகாப்பானது. தோற்றது மிச்சிகனிடம் என்றால் மட்டும், அந்த வாரத்து ஆய்வுக் கூட்டத்தை ஒத்திப்போட முடியுமா என்று பாருங்கள். அந்த ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் இருக்கும் ‘எம்’ எழுத்துகள் எல்லாவற்றின் மீதும் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் கட்டடத்தின் பெயரும் அதற்குத் தப்பாது.