"கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு ௰௨": எந்தச் சோழன்?

கல்வெட்டில் வரும் இந்த வரிக்கு 'கோப்பரகேசரிவர்மனின் 12-ஆம் ஆட்சியாண்டு' என்று பொருள். இதை மட்டும் வைத்து ராஜேந்திரன் என்று எழுதாதீர்கள். பரகேசரி பட்டம்தான், பெயரல்ல. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடியது. விஜயாலயன், முதலாம் பராந்தகன், உத்தம சோழன், முதலாம் ராஜேந்திரன் எல்லோருமே பரகேசரிகள். பெரும்பாலும் குழப்பம் இங்கேதான்.

முன்வரியைப் பாருங்கள். "மதிரை கொண்ட" இருந்தால் பராந்தகன்: 907-இல் முதல் ஆண்டு, 12-ஆம் ஆண்டு 918-919. (12-ஐ அப்படியே கூட்டக்கூடாது, ஒன்று கழியுங்கள்.) "திருமன்னி வளர" என்று மெய்க்கீர்த்தி (அரசனின் புகழ்பாடும் முன்னுரை) தொடங்கினால் ராஜேந்திரன், 1012-இலிருந்து எண்ணுங்கள்.

௰ என்பது பத்து. தேய்ந்த கல்லில் 'ய' போலவே தெரியும், மைப்படியில் (கல்லின் மேல் தாள் ஒட்டி மையால் எடுத்த நகல்) சரிபாருங்கள்.

இரண்டு தொடரும் இல்லையென்றால் எழுத்தமைதியை (எழுத்தின் வடிவத்தை) வைத்துப் பெரும்பாலும் நூற்றாண்டு மட்டும் சொல்லலாம். திருப்பணியில் கல் இடம் மாறியிருந்தால், அது கோயிலின் காலமும் ஆகாது.