பத்தா, பன்னிரண்டா? – வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம் கன்சோல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சண்டைக் கடிதங்கள். அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃபிளாப்ஸ். பிளேஸ்டேஷன் 5 வெறும் 10. அப்படியிருந்தும் பெரும்பாலான கேம்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இதனால் எங்கள் விடுதி அறையில் இருவர் பேசிக்கொள்வதே இல்லை. யார் சொல்வது சரி? – கல்லூரி மாணவர், பர்கூர்

டெராஃபிளாப்ஸ் என்பது ஒரு சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகளைப் போட முடியும் என்பதன் அளவு. முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் ஆகிய இரு கன்சோல்களிலும் கிராபிக்ஸ் சிப்பைச் செய்து கொடுத்தது ஏஎம்டி நிறுவனம்தான். அந்தச் சிப்பில் உள்ள ஒவ்வொரு கணக்கீட்டு அலகிலும் 64 கணக்கிகள் உள்ளன. ஒவ்வொரு கணக்கியும் சிப்பின் கடிகாரம் ஒருமுறை துடிப்பதற்குள் இரண்டு செயல்களை முடிக்கும். நொடிக்கு நூறு கோடி துடிப்பு என்பதே ஒரு ஜிகாஹெர்ட்ஸ். எக்ஸ்பாக்ஸில் 52 அலகுகள், வேகம் 1.825 ஜிகாஹெர்ட்ஸ், எல்லாவற்றையும் பெருக்கினால் 12.15 டெராஃபிளாப்ஸ் வரும். பிளேஸ்டேஷனில் 36 அலகுகள், வேகம் அதிகபட்சம் 2.23 ஜிகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 10.28 வரும். ஆக இது யாரும் ஓட்டிப் பார்த்து அளந்த எண் அன்று. எல்லாக் கணக்கிகளும் ஒரு துடிப்புகூட ஓய்வில்லாமல் உழைத்தால் கிடைக்கக்கூடிய உச்சவரம்பு.

மாங்காய்ப் பருவத்தில் உங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே எத்தனை கூழ் இயந்திரங்கள் இருந்தாலும், வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து பழம் இறங்கிக் கழுவும் தொட்டியைத் தாண்டி வராதவரை அவை சும்மாதான் சுற்றும். கன்சோலில் அந்தப் பழத்தைக் கொண்டுவரும் வேலை நினைவகத்துடையது. இரண்டிலும் 16 ஜி.பி. இருக்கிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸில் 10 ஜி.பி. பகுதி நொடிக்கு 560 ஜி.பி. வேகத்திலும், மீதி 6 ஜி.பி. 336 வேகத்திலும் இயங்குகின்றன. எந்தத் தரவை எந்தப் பகுதியில் வைப்பது என்பது கேமை எழுதுபவரின் தலைவலி. பிளேஸ்டேஷனில் முழுவதும் ஒரே சீராக 448. மேலும், காட்சியை உருவாக்கும் முக்கோணங்களைத் திரையின் படப்புள்ளிகளாக மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் பகுதிகள் அலகுகளின் எண்ணிக்கையை நம்பியிருப்பவை அல்ல. துடிப்பு வேகம் கூடினால் அவையும் விரைவுபடும். இதை 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5-இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி வெளிப்படையாகவே விளக்கினார்; கேட்ட பலருக்கு அன்று அது சப்பைக்கட்டாகத் தோன்றியது.

உங்கள் எக்ஸ்பாக்ஸ் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருடைய கன்சோலின் வேகம் நிலையானது. பிளேஸ்டேஷனின் வேகமோ மின்சார வரம்பை ஒட்டி ஏறி இறங்குவது. கனமான காட்சிகளில் எக்ஸ்பாக்ஸ் சற்றுக் கூடுதல் படப்புள்ளிகளைத் தருவதும் உண்மையே. ஆனால் அந்தச் சற்று எவ்வளவு என்பதையும் பாருங்கள். 18 விழுக்காட்டு வித்தியாசம் முழுவதும் படப்புள்ளிகளாகவே மாறுவதாக வைத்துக்கொண்டாலும், ஒன்றில் 2,160 வரிகள் என்றால் மற்றொன்றில் ஏறத்தாழ 1,990 வரிகள் இருக்கும். இதைக் கட்டிலில் சாய்ந்தபடி கண்டுபிடிப்பவருக்கு விடுதிச் செலவில் ஒரு மாதம் பிரியாணி வாங்கித் தரலாம். கேமை ஏற்றும் நேரத்தில்தான் இடைவெளி பெரிது: பிளேஸ்டேஷனின் எஸ்எஸ்டி சேமிப்பகம் நொடிக்கு 5.5 ஜி.பி. படிக்கும், எக்ஸ்பாக்ஸுடையது 2.4. இதைப் பற்றி உங்கள் அறையில் யாரும் சண்டையிட்டதாகக் கடிதத்தில் இல்லை.

காகிதத்தில் வலிமை மிகுந்த பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360-இடம் தோற்றது ஏன்? – கணினி ஆசிரியர், பாலக்கோடு

தோற்றது என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. கடைசிக் கணக்கில் அது 8 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்று, போட்டியாளரைச் சிறிதளவு முந்தவும் செய்தது. ஆனால் அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடியைத் தாண்டியது என்பதை நினைத்தால், அது பெரிய சறுக்கல்தான்.

காரணம் செல் என்ற அதன் செயலியில் (ப்ராசசர்) இருக்கிறது. சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சிப்பில் ஒரு முதன்மை மையமும் அதற்குத் துணையாகச் சிறு மையங்களும் இருந்தன. துணை மையங்களில் ஆறுதான் கேம்களுக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கே.பி. இடம் மட்டுமே, அந்தச் சிறு டப்பாவுக்குள் அடங்கும்படி வேலையைத் துண்டு போட்டு, தரவைக் கொண்டுவந்து, முடிந்ததும் திருப்பி அனுப்பும் பொறுப்பு முழுவதும் கேமை எழுதுபவர் தலையில் விழுந்தது. நினைவகமும் செயலிக்கு 256 எம்.பி., கிராபிக்ஸுக்கு 256 எம்.பி. என இரண்டாகப் பிரிந்து நின்றது. எக்ஸ்பாக்ஸிலும் மொத்தம் அதே 512 எம்.பி.தான்; ஆனால் ஒரே தொகுப்பு. ஒரு காட்சிக்குப் படங்கள் மிகுதியாக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். வீட்டைப் பாகம் பிரித்துச் சுவர் எழுப்பிய பிறகு, விருந்தாளி வந்தால் எந்தக் கூடமும் போதாது. இதோடு ப்ளூ-ரே வட்டு இயக்கியையும் சேர்த்ததால், 2006-இல் அமெரிக்காவில் அது 499, 599 டாலர் விலைகளில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஓராண்டு முன்னதாகவே கடைகளில் இருந்தது.

அந்த எக்ஸ்பாக்ஸும் யோக்கியமாக இருக்கவில்லை. மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்து செத்துப்போன கன்சோல்களுக்காக, 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டி, அதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. சோனியோ பாடம் கற்றது: 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் எல்லோருக்கும் பழகிய வகைச் செயலியும், 8 ஜி.பி. வேகமான நினைவகம் ஒரே தொகுப்பாகவும் இருந்தன. அந்தச் சுற்றில் நினைவகச் சிக்கலில் மாட்டியது போட்டியாக வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கன்சோல்.

நிண்டெண்டோ மட்டும் பழைய சிப்பை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது? – வாசகர், ஊத்தங்கரை

பழைய சிப்பை விரும்பித்தான் வைத்திருக்கிறது. அந்நிறுவனத்தில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய குன்பே யோகோய், நன்கு முதிர்ந்து விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்துவதே தன் முறை என்றார். 1989-இல் வந்த கேம் பாய்க்கு வண்ணத்திரை கிடையாது; நான்கு பேட்டரிகள் போட்டால் நெடுநேரம் ஓடியது. அடுத்த ஆண்டு போட்டி நிறுவனமான சேகா வண்ணத்திரையோடு கொண்டுவந்த கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. எது விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் நிண்டெண்டோ கொண்டுவந்த ஸ்விட்ச் கன்சோலும் அதே வழிதான்: 4 ஜி.பி. நினைவகம், கைபேசி வகைச் சிப், 15 கோடிக்கு மேல் விற்பனை.

மின்னணுப் பொருளுக்கு நாளாக நாளாக விலை குறைய வேண்டும் அல்லவா? கன்சோல் விலை ஏறுகிறதே? – கடைக்காரர், தருமபுரி

உங்கள் வியப்பு நியாயமானது. 2000-இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-இல் 99 டாலருக்கு இறங்கியது. சிப்பைச் சுருக்கச் சுருக்க ஒரு சிலிக்கான் தகட்டில் கூடுதல் சிப்புகள் கிடைத்ததே அதற்குக் காரணம். இன்று சுருக்கும் செலவே ஏறிவிட்டதால் அந்த ஆதாயம் கரைந்துவிட்டது. நம் நாட்டில் 2021-இல் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. கருவியில் கிடைக்கும் லாபம் சொற்பம் என்பதால், விற்கும் ஒவ்வொரு கேமிலும் எடுக்கும் தரகில்தான் இவர்களுடைய பிழைப்பு. மைக்ரோசாஃப்ட் 2017-இல் கேம் பாஸ் என்ற மாதச் சந்தாவைத் தொடங்கியதும், 2023-இல் 6,870 கோடி டாலர் மதிப்பில் கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கி முடித்ததும், தன் கார் பந்தயக் கேமான ஃபோர்ஸா ஹரைசன் 5-ஐ 2025-இல் பிளேஸ்டேஷனிலேயே விற்றதும் இந்தக் கணக்கில்தான். போட்டிக் கடையில் தன் சரக்கை வைப்பவருக்குக் கடை நடத்தும் ஆசை குறைந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ கேட்கிறான். பெங்களூரில் ஒரு கடையில் இருக்கிறதாம். எங்கள் வீட்டில் இருப்பது 32 அங்குல ஹெச்டி டிவி. வாங்கலாமா? – இல்லத்தரசி, ஓசூர்

வேண்டாம், அம்மா. அந்த ப்ரோ 2024 நவம்பரில் வெளிவந்தபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. அதிலுள்ள 6 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இங்கு அனுமதி இல்லாததே காரணம் என்று சோனி கூறியது. அன்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சரக்காக இருந்தால், பழுதானால் யாரிடம் கொடுப்பது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ப்ரோவில் வட்டு போடும் வசதியும் உடன் வராது. தனியாக வாங்க வேண்டும். அதன் கூடுதல் திறன் முக்கியமாகப் பெரிய 4கே திரைக்காகச் செலவாவது. உங்கள் டிவியில் அதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. பொதுத்தேர்வு முடிந்ததும் வட்டு போடும் சாதாரண பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்கினால், அவன் முடித்த கேம் வட்டுகளை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளவாவது முடியும்.