புயல் ஓய்ந்த பிறகும் ஐ-10 பாலம் ஏன் மூடியே இருக்கிறது?

கேள்வி: டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை (அமெரிக்கத் தெற்கில் கிழக்கு–மேற்காக ஓடுவது) வழியாக புளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குக் குடும்பத்தோடு காரில் போகவேண்டும். ஹரிக்கேன் கடந்து வானம் தெளிந்துவிட்டது. வழியிலுள்ள விரிகுடாப் பாலம் மட்டும் மூடியிருக்கிறது; படத்தில் அது முழுதாக நிற்கிறது. பிறகு ஏன் திறக்கவில்லை? காத்திருக்கலாமா, சுற்றிப் போகலாமா?

பதில்: முடிவெடுக்கும் முன், எதற்காக மூடினார்கள் என்று கேளுங்கள். எத்தனை நாள் ஆகும் என்பது அதில்தான் இருக்கிறது.

காற்றுக்காக மூடியிருந்தால் சில மணி நேரத்து விஷயம்தான். விடாமல் வீசும் காற்று மணிக்கு 40 மைலைத் தொட்டால் பாலத்தில் வண்டி ஓட்டுவது ஆபத்து. காற்று தணிந்து, மேலோட்டமான சோதனையும் முடிந்தால் திறந்துவிடுவார்கள்.

கடல் பொங்கி ஏறியிருந்தால் கதை வேறு. தாழ்வான விரிகுடாப் பாலங்களை உடைப்பது பெரும்பாலும் காற்று அல்ல, அடியிலிருந்து அடிக்கும் அலை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. அது கடல்நீரில் மூழ்கினால் சுமார் 1,025 கிலோவைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். இதோடு தளத்துக்கு அடியில் கர்டர்களுக்கு (தளத்தைத் தாங்கும் நீள விட்டங்களுக்கு) நடுவே சிக்கும் காற்றும் மிதவைபோல மேலே தள்ளும். இப்படி எடை குறைந்த தளத்தை ஒவ்வோர் அலையும் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தும். தூணோடு பிணைக்கும் பிடிமானம் பழைய பாலங்களில் பலவீனம் என்பதால், ஸ்பேன் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பாலத் துண்டு) நழுவி விழுகிறது; அல்லது விழாமல் விளிம்பில் தொற்றி நிற்கிறது. படத்தில் முழுதாகத் தெரிவது இந்த இரண்டாவது வகையாகவும் இருக்கலாம். அதனால்தான் தூண்தலை, பேரிங் (தளம் தூண்மேல் உட்காரும் தாங்கி), இணைப்பு எல்லாவற்றையும் அடியில் படகிலிருந்து பார்க்கிறார்கள். தூணைச் சுற்றி மண் அரித்திருக்கிறதா என்று முக்குளிப்பவர்களும் சோனாரும் (ஒலியால் நீரடியைப் பார்க்கும் கருவி) சோதிக்கவேண்டும். பாலம் கரையைத் தொடும் இடத்தில் சாலைக்கு அடியில் மண் போயிருந்தால், மேலே தார் அப்படியே இருக்க, உள்ளே வெறும் பொந்துதான் இருக்கும்.

ஸ்பேன்களே விழுந்திருந்தால் வாரக் கணக்கு. 2004 செப்டம்பர் 16 அன்று ஐவன் புயல் புளோரிடாவின் பென்சகோலா அருகே எஸ்காம்பியா விரிகுடாவின் ஐ-10 இரட்டைப் பாலங்களில் 58 ஸ்பேன்களைக் கீழே தள்ளியது. மேலும் 66 ஸ்பேன்கள் இடம் நகர்ந்தன. ஒரு பாலத்தின் நல்ல ஸ்பேன்களை எடுத்து மற்றதில் பொருத்தி அக்டோபர் 5 அன்று திறந்தார்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா உடைத்த நியூ ஆர்லியன்ஸ்–ஸ்லைடெல் இரட்டைப் பாலத்தில் முதல் பாதை அதே உத்தியில் அக்டோபர் 14 அன்றுதான் திறந்தது. இரண்டு இடங்களிலும் பின்னர் உயரமான புதிய பாலங்கள் கட்டினார்கள்.

ஆகவே அறிவிப்பில் ‘ஸ்பேன்’, ‘மண் அரிப்பு’ என்ற சொற்கள் வந்தால் காத்திருக்கவேண்டாம். உங்கள் பயணத்துக்கு நியூ ஆர்லியன்ஸுக்குள் போகவேண்டிய அவசியமே இல்லை. பேட்டன் ரூஜில் ஐ-12 நெடுஞ்சாலையை எடுத்தால் பான்ட்சார்ட்ரெய்ன் ஏரியின் வடக்கே போய் ஸ்லைடெல்லில் ஐ-10ஐப் பிடிக்கலாம். சாதாரண நாளிலும் அதுதான் நல்ல வழி. பென்சகோலாவில் ஐ-10 அடைபட்டால், விரிகுடாவை ஒட்டியே வேறு பாலம் தேடாதீர்கள். அதே அலை அதையும் அடித்திருக்கும். 2020இல் சாலி புயலில் கட்டு அறுந்த பார்ஜுகள் (தட்டையான சரக்குப் படகுகள்) மோதி, அங்குள்ள மூன்று மைல் பாலம் 2021 மே கடைசிவரை மூடிக் கிடந்தது. உள்நாட்டுப் பக்கமாக வடக்கே ஏறிச் சுற்றுங்கள்.

கிளம்பும் முன், ஒவ்வொரு மாநிலத்தின் சாலை நிலவரச் சேவையையும் (சில மாநிலங்களில் அதன் பெயர் 511) தனித்தனியாகப் பாருங்கள். மேப் செயலி மூடிய பாலத்தைத் திறந்ததாகக் காட்டுவதுண்டு. மின்சாரம் இல்லாத ஊரில் பெட்ரோல் பம்ப் ஓடாது. பாதி டேங்க்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வழியில் தண்ணீர் தேங்கி அடியில் சாலை தெரியவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். ஓர் அடி ஓடும் தண்ணீரே பல கார்களை நகர்த்திவிடும். பாலம் திறந்த பிறகும் தற்காலிக இரும்புத் தளம் போட்டிருந்தால் வேகத்துக்கும் எடைக்கும் வரம்பு இருக்கும். டிரெய்லர் இழுத்துப் போவதாக இருந்தால் அந்த எடை வரம்பை முதலில் பாருங்கள்.