டர்பனிலிருந்து மொரீஷியஸ் போனால் மளிகைச் செலவு இரு மடங்காகுமா?

செலவு கூடும். ஆனால் அது இரு மடங்காகிவிட்டால், அதில் பாதிப் பழி விடுமுறைக்குத்தான், மொரீஷியஸுக்கு இல்லை.

ஒரு தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சுமார் இரண்டரை மொரீஷியஸ் ரூபாய். 250 ரூபாய் என்றதும் பதறாதீர்கள், 100 ராண்டுதான். எடையையும் பாருங்கள். வீட்டில் 10 கிலோ அரிசி மூட்டையாக வாங்குகிறோம். அங்கே ஒரு வாரத்துக்கு ஒரு கிலோ பாக்கெட், கையளவு எண்ணெய் பாட்டில். சின்னப் பாக்கெட்டில் கிலோ விலை பெரும்பாலும் அதிகம். நாங்கள் அறையைக் காலி செய்தபோது முக்கால் பாக்கெட் உப்பும் பிரித்த மஞ்சள்தூளும் அடுப்பு மேடையிலேயே கிடந்தன. அதுவும் செலவுக் கணக்குதானே!

இரு நாட்டிலும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15%. அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு இரு நாட்டிலுமே அது கிடையாது. ஆனால் மொரீஷியஸ் உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் தீவு. நம் ஊர் ஆப்பிளே கப்பலேறிப் போய் அங்கே விலை ஏறி உட்கார்ந்திருக்கும்! ரொட்டிக்கு அரசு மானியம் உண்டு, தாராளமாக வாங்குங்கள். காய்கறிக்கு சூப்பர்மார்க்கெட்டை விட்டுவிட்டு போர்ட் லூயிஸ் சந்தைக்குப் போங்கள்.