கரடி முட்டை போடுமா? மூன்றாம் வகுப்புக்குக் கரடிப் பாடம்: கேள்வி பதில்

யாங்கோனில் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் கரடியின் வாழ்க்கையைப் பாடமாக நடத்தினேன் என்று சொன்னதும் மற்ற ஊர் டீச்சர்மாரும் பெற்றோரும் கேட்டவை இவை. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தட்டோனிலிருந்து: அக்கா, போன மாதம் பட்டாம்பூச்சிக்கு, முட்டை, புழு, கூடு, பூச்சி என்று வாழ்க்கை வட்டப் படம் ஒட்டினேன். கரடிக்கும் அதே வட்டம் போடலாமா?

போடலாம், ஆனால் பட்டாம்பூச்சி முடித்த கையோடு வேண்டாம். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு பையன் முதல் கட்டத்தில் முட்டை வரைந்து, அது வெடித்து ஒரு கரடி எட்டிப் பார்க்கிற மாதிரி, காது மட்டும் ஓட்டில் சிக்கிக்கொண்ட மாதிரி வரைந்துவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை. கரடிக்கு உருவம் மாறுவதில்லை, அளவும் அம்மாவை அண்டியிருக்கும் காலமும்தான் மாறும். அதனால் இப்போது கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போடுகிறேன்: பிறப்பு, அம்மாவோடு திரியும் இரண்டு வருடம் போல, அப்புறம் தனியாகப் போவது, மூன்று நான்கு வயதில் தானே குட்டி போடும் பருவம்.

பெகுவிலிருந்து: பிறந்த குட்டி எவ்வளவு சின்னது என்று எப்படிப் புரியவைப்பது?

நம் காட்டில் இருக்கும் சூரியக் கரடியின் குட்டி பிறக்கும்போது சுமார் 300 கிராம், நம் பர்மாக் கடை எடைக் கணக்கில் 18 டிக்கல். பழைய காலுறையில் அவ்வளவு அரிசி போட்டு முடிச்சுப் போட்டு, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிக் கைமாற்றி விடுங்கள், ஏனென்றால் குட்டிக்கும் அப்போது கண் திறந்திருக்காது. எங்கள் வகுப்பில் ஒருத்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளைக்குத் தரவே மாட்டேன் என்றாள். பாண்டாக் குட்டி இன்னும் மோசம், 100 கிராம்தான்.

மோல்மேனிலிருந்து: வீடியோவில் எல்லாக் கரடியும் பனியில் மாதக்கணக்கில் தூங்குகிறது. நம் காட்டுக் கரடியுமா, டீச்சர்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பர்மாக் காட்டில் இருப்பவை இரண்டு: நெஞ்சில் மஞ்சள் திட்டு உள்ள சூரியக் கரடி, வெள்ளைப் பிறை உள்ள ஆசியக் கருங்கரடி. சூரியக் கரடி குளிர்காலத் தூக்கமே போடாது, வருடம் முழுக்கப் பழமும் கரையானும் தேனும் கிடைக்கிறபோது அது எதற்குத் தூங்க வேண்டும்? கருங்கரடி வட நாட்டுக் குளிரில் தூங்கும். சூடான இடத்தில் பெரும்பாலும் தூங்காது, சினையாக இருக்கும் தாய் மட்டும் குட்டி போடக் குகைக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ போகும். அமெரிக்கக் கருங்கரடியின் தூக்கத்தையும் சொல்லுங்கள், மாதக்கணக்கில் சாப்பாடு, தண்ணீர், சிறுநீர் எதுவும் இல்லை என்றால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அது அந்த ஊர்க் கரடியின் கதை என்று சொல்லிவிட்டுச் சொன்னால் சரி. சூரியக் கரடியின் நாக்குக்கு 25 சென்டிமீட்டர் ரிப்பன் ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாடத்தை அது பார்த்துக்கொள்ளும்.

தட்டோன் மறுபடியும்: பர்மியப் பள்ளியில் "வெட்வுன்" என்கிறார்கள். "வெட்" என்றால் பன்றியாச்சே, பன்றி இனமா என்று பிள்ளை கேட்கிறது.

பெயரில் மட்டும்தான் பன்றி. கரடி தனிக் குடும்பம், உலகத்தில் மொத்தமே எட்டு இனம்.

யாங்கோனிலிருந்து ஒரு அம்மா: ஊருக்குப் போனபோது ஒரு வீட்டில் கூண்டுக்குள் கரடிக்குட்டி பார்த்தோம். அதன் அம்மா எங்கே என்று மகள் விடாமல் கேட்கிறாள், என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்கள் அம்மா, சின்னக் குரலில். தாய் உயிரோடு இருந்தால் குட்டியை விட்டுக்கொடுக்காது. சூரியக் கரடி தன் குட்டியை வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். பித்தநீருக்கும் பாதத்துக்கும் பெரிய கரடியைக் கொன்றுவிட்டுக் குட்டியை விற்கிறார்கள், இந்த இரண்டு இனத்தையும் நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்று சைட்டிஸ் என்கிற, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலேயே போட்டிருந்தும். பித்தநீர் விவரமெல்லாம் இப்போது வேண்டாம். "அம்மா செத்துப்போயிருக்கும், அதனால்தான் தனியாக இருக்கிறது" என்பது எட்டு வயதுக்குப் போதும், மறுபடி கேட்டால் மீதியைச் சொல்லலாம்.