ஒளிக்கற்றை யாருடைய தாளத்துக்கு ஆடும்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் நடனத்துக்குப் பின்னால் பச்சை லேசர் கற்றைகளைச் சுழலவிட்டு, கணினியில் அமைத்த இசையையும் ஓடவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது; ஆனால் மூன்றும் தனித்தனியாக நடந்ததுபோல் தோன்றியது. இவை உண்மையில் ஒன்றோடொன்று கலந்த நிகழ்ச்சி எங்காவது உண்டா? (பரதநாட்டிய மாணவி, திருச்சி)

பதில்: உங்களுக்குத் தோன்றியது சரிதான். பதிவுசெய்த இசையை வைத்துக்கொண்டு லேசரின் அசைவுகளையும் நொடிக்கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட்டால், ஆடுபவர் சற்றுத் தாமதித்தாலும் ஒளி அவருக்காகக் காத்திருக்காது. நட்டுவனார் ஆடுபவரின் காலைப் பார்த்துக்கொண்டே தாளம் தட்டுவார். எழுதிவைத்த நிரல் யாரையும் பார்ப்பதில்லை.

மெல்பர்னைச் சேர்ந்த 'சங்கி மூவ்' நடனக் குழு 2008-இல் மேடையேற்றிய 'மார்ட்டல் எஞ்சின்' இதற்கு நேர்மாறானது. நடன அமைப்பாளர் கிடியன் ஓபர்சானெக், ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீடர் வைஸ், இசையமைப்பாளர் பென் ஃபிராஸ்ட், லேசர் கலைஞர் ராபின் ஃபாக்ஸ் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு மணி நேரப் படைப்பு அது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் காணும் கேமரா ஒன்று ஆடுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மேடையில் விழும் வண்ண வெளிச்சம் அந்தக் கேமராவின் பார்வைக்கு எட்டாது என்பதால், வெளிச்சம் எப்படி மாறினாலும் உடலை மட்டும் அது பிரித்தறிந்துவிடும். அந்த உடலின் விளிம்பை மென்பொருள் அந்தந்தக் கணமே கணக்கிட, அதற்கேற்ப ஒளியும் ஒலியும் பிறக்கும். முன்பே தயாரித்துவைத்த காணொளியோ லேசர் உருவமோ அதில் இல்லை. ஆகவே இன்றைய ஆட்டமும் நாளைய ஆட்டமும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. இத்தகைய படைப்பில் பொறியாளர் கடைசி வாரத்தில் வந்து விளக்கு மாட்டிவிட்டுப் போக முடியாது; எதிரே ஒருவர் ஆடிக் காட்டாமல் அவருடைய நிரல் எழுதி முடியாது. கூட்டுப் படைப்பு என்ற சொல்லை நான் இங்கேதான் பயன்படுத்துவேன். விழா மேடைகளில் காண்பதை அலங்காரம் என்று சொன்னால் போதும்.

கேள்வி: லேசர் இசையை 'வரைகிறது' என்கிறார்களே, அது வெறும் பேச்சா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பேச்சல்ல. லேசர் பெட்டிக்குள் நகத்தளவே உள்ள இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்று கற்றையை இடவலமாகவும் மற்றொன்று மேல்கீழாகவும் திருப்பும். சுவரில் நாம் காணும் வட்டமோ கோடோ உண்மையில் ஒரே ஒரு புள்ளிதான். நல்ல கருவிகளில் அது நொடிக்கு 30,000 இடங்களைத் தொட்டுவிடுவதால் நம் கண் அதைத் தொடர்ந்த கோடாகக் கொள்கிறது.

இப்போது இடப்பக்க ஒலிபெருக்கிக்குப் போகும் மின் அலையை ஒரு கண்ணாடிக்கும், வலப்பக்க அலையை மற்றொரு கண்ணாடிக்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்து, ஒரு சுற்றில் கால் பங்கு மட்டும் முன்பின்னாக இருந்தால் வட்டம் வரும். ஒன்றின் அதிர்வெண் மற்றதைப் போல இரு மடங்கானால் எட்டு வடிவம் வரும். ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 3:2 விகிதத்தில் கொடுத்தால், பின்னிப் பிணைந்த ஒரு கோலம் அசையாமல் நிற்கும். சுருதி மயிரிழை விலகினாலும் அந்தக் கோலம் மெல்ல உருளத் தொடங்கிவிடும். தம்புரா மீட்டுபவர் காதால் பிடிக்கும் பிசகை இங்கே கண்ணால் பிடிக்கலாம். ராபின் ஃபாக்ஸ் தம் தனி நிகழ்ச்சிகளில் செய்வதும் இதையே: ஒலிபெருக்கிக்கும் லேசருக்கும் ஒரே மின் அலைதான்.

ஒரு சிக்கலும் உண்டு. கண்ணாடிக்கு எடை இருக்கிறது. மிக உயர்ந்த ஸ்தாயிக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாமல் உருவம் சுருங்கிவிடும். ஆகவே இசையமைப்பவர் காதுக்கு மட்டுமல்லாமல் கண்ணாடிக்கும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் முதலில் தொடங்கியவர்கள் யார்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஒருவர் பெயரைச் சொல்வது கடினம். ஆனால் 1965 ஜூலையில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹமும் நிகழ்த்திய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' முக்கியமான திருப்பம். மேடையில் ஐந்தடி உயரமுள்ள பன்னிரண்டு ஆன்டெனாக்கள் நின்றன. மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளர் ராபர்ட் மூக் செய்துகொடுத்தவை. ஆடுபவர் சுமார் நான்கடி தூரத்துக்குள் வந்தால் அவை அதை உணர்ந்து ஒலியைத் தூண்டும். பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி குளூவர் அமைத்த ஒளி உணரிகளும் இருந்தன. கன்னிங்ஹம் கடைசியில் அந்த ஆன்டெனாக்களுக்கு நடுவே சைக்கிளே ஓட்டினார். எனினும் ஒலியை ஆடுபவர்கள் முழுமையாக ஆளவில்லை. ஒலிக் கலவைப் பலகையில் அமர்ந்திருந்த இசைக் கலைஞர்கள் அதை மாற்றினார்கள், தள்ளிப்போட்டார்கள். என் காலடி எந்த ஒலியை எழுப்பும் என்று ஆடுபவருக்கே தெரியாத அந்த நிலை எனக்கு இன்றும் புதுமையாகத் தோன்றுகிறது.

லேசர் பின்னால் வந்தது. 1969 மே மாதம் கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் இசையமைப்பாளர் லோவல் கிராஸ், இயற்பியலாளர் கார்சன் ஜெஃப்ரீஸ், இசைக் கலைஞர் டேவிட் டியூடர் மூவரும் பல வண்ண லேசரை ஒலியால் அசைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்த முறை ஒசாகா உலகக் கண்காட்சிக்குச் சென்றது. 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' குழுவில் இருந்த அதே டியூடர்தான் இவர்.

கேள்வி: எங்கள் மகள் இத்தகைய நிகழ்ச்சியில் ஆடப்போகிறாள். கண்ணுக்கு ஆபத்து உண்டா? (தாய், சேலம்)

பதில்: உண்டு. அலட்சியம் வேண்டாம். 500 மில்லிவாட்டைத் தாண்டும் லேசர்கள் ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. மேடைக் கருவிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. அவற்றின் கற்றை நேராகக் கண்ணில் பட்டால், இமைப்பதற்கு முன்பே விழித்திரை பாதிக்கப்படலாம். கற்றையைத் திருப்பும் கண்ணாடி அசையாமல் நின்றுபோனால் பரவியிருந்த ஆற்றல் முழுவதும் ஒரே புள்ளியில் குவியும். அப்போது கற்றையைத் தானாக அணைக்கும் அமைப்பு கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மகள் நிற்கும் இடங்களைத் தரையில் குறித்து, கற்றை அவள் முகத்தின் உயரத்துக்கு வராதபடி அமைத்த பிறகே ஒத்திகையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கற்றை கண்ணுக்குத் தெரிவதற்காகப் பரப்பும் செயற்கைப் புகை மூட்டம் தரையில் மெல்லிய வழுவழுப்பாகப் படியும். வெறுங்காலோடு ஆடுபவர்களுக்கு இடைவேளையில் தரையைத் துடைத்துக் கொடுக்க ஓர் ஆள் அவசியம்.