நிலாவரையில் போட்ட தேசிக்காயும் மால்ஹாமில் தீர்ந்த சைக்கிள் கணக்கும்

பள்ளிக்காலத் தோழர்களை இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் சந்திக்கத் திட்டமிட்டிருப்பதாகவும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பேச்சு வராமல் போய்விடுமோ என்று தயங்குவதாகவும், எங்கே போவது நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேச்சு வராமல் போகத்தான் செய்யும். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அது எப்படித் திரும்பி வந்தது என்பதைச் சொல்வதே உங்கள் கேள்விக்கு நேரான பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூவரும் யாழ்ப்பாண நகரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவனைத் 'தீவான்' என்போம். போரினால் நெடுந்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தவன். மற்றவனுக்கு அப்போது நாங்கள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஆசிரியராக இருப்பதால் 'வாத்தி' என்று வைத்துக்கொள்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரையும் உள்ளடக்கிய வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது எங்களுக்குப் பதினைந்து வயது. கொட்டும் மழையில் ஊர் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த இரவில், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே பிரிந்தோம். வாத்தி அடுத்த ஆண்டே குடும்பத்தோடு ஊர் திரும்பினான். நான் கொழும்பு வழியாக ரொறன்ரோவுக்குப் போனேன். தீவான் வன்னிக்கும் பின்னர் லண்டனுக்கும் போய், கடைசியில் நாங்கள் யாரும் எதிர்பாராத விதமாக, வட யோர்க்‌ஷயரின் மலைக் கிராமம் ஒன்றில் தபால் கருமபீடத்தோடு கூடிய சிறிய கடையொன்றை எடுத்து நடத்துகிறான். 2023 யூனில் வாத்தி லண்டனில் உள்ள தன் தமக்கையைப் பார்க்க வந்தபோது, நானும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் மாலை தீவானின் வீட்டில் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டோம். மனைவி, பிள்ளைகள், வேலை, சீனி வியாதி எல்லாவற்றையும் எங்கள் வாட்ஸ்அப் குழு முன்கூட்டியே சொல்லித் தீர்த்துவிட்டிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் வீட்டு விலைக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு மூவரும் கைத்தொலைபேசியைப் பார்த்தோம். இடையில் ஒரு தடவை, அந்த இரவு தானும் தகப்பனும் அம்மம்மாவைக் கதிரையில் வைத்துக் கைதடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதைத் தீவான் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கறிச் சட்டியை நகர்த்தினான். நான் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணி கடந்தும் வெளியே வெளிச்சம் போகவில்லை என்பது மட்டுமே அன்றிரவு எங்களுக்குக் கிடைத்த புதிய விடயம்.

மறுநாள் செற்றில் என்ற ஊரின் நிலையத்தில் ரயிலேறி ரிபிள்ஹெட்டில் இறங்கினோம். லீட்ஸிலிருந்து செற்றில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். அங்கிருந்து கார்லைல் வரை போகும் அந்த மலைப்பாதையில்தான் 24 வளைவுகளைக் கொண்ட ரிபிள்ஹெட் பாலம் இருக்கிறது. 1870களில் கட்டப்பட்டது, ஏறத்தாழ 400 மீற்றர் நீளமும் 32 மீற்றர் உயரமும் உள்ளது. கட்டிய தொழிலாளர்கள் குடும்பங்களோடு அந்தச் சதுப்பு நிலத்திலேயே கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். விபத்திலும் அம்மையிலும் இறந்தவர்கள் பலர் பக்கத்திலுள்ள சப்பல் லி டேல் தேவாலய வளவில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1980களில் இந்தப் பாதையையே மூடிவிட முயன்றார்கள் என்றும், மக்கள் விடாமல் எதிர்த்ததால் 1989இல் அது தப்பியது என்றும் தீவான் சொன்னபோது, வாத்தி பாலத்தைப் பார்த்தபடி, "எங்கடை தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கருக்கெல்லோ போனது" என்றான். யாழ்தேவி ரயில் 1990இல் நின்றது. மறுபடி யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 2014இல்தான். ரயில் நின்றுபோன ஊரில் வளர்ந்த மூன்று பேர், நடு வயதில், ஒரு ரயில் பாலத்தைக் கடப்பதைப் பார்ப்பதற்காக முக்கால் மணித்தியாலம் புல்லில் காத்திருந்தோம். வந்தது இரண்டே பெட்டிகள். வாத்தி கை காட்டினான்.

நடக்கத் தொடங்கிய பின்னர்தான் தீவான் ஏன் இந்த ஊரில் வந்து குந்தியிருக்கிறான் என்பது புரிந்தது. அந்த மலைச்சரிவுகளில் வயலுக்கு வயல் ஓடும் மதில்களில் சாந்து கிடையாது. உட்புறமாகச் சற்றுச் சாய்ந்த இரண்டு கல் வரிசைகளை எழுப்பி, நடுவே சிறு கற்களை நிரப்பி, இடையிடையே இரண்டு வரிசைகளையும் கட்டிப் பிடிக்கும் நீண்ட கற்களை வைத்து, பாரத்தாலேயே நிற்கச் செய்கிறார்கள். நெடுந்தீவில் முருகைக் கற்களை இப்படித்தான் சாந்தில்லாமல் அடுக்கி வேலி போடுவார்கள். இங்கு வந்த புதிதில், பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மதில் சரிந்து கிடந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே தான் அடுக்கிக் கொடுத்ததாகவும், அதற்குப் பின்னர்தான் ஊரார் தன் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகினார்கள் என்றும் சொன்னான். மதிலைத் தாண்ட ஆங்காங்கே கற்படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் ஏறலாம், ஆடு ஏறாது. எங்கள் பக்கத்தில் கண்டாயம் என்று சொல்வோமே, அதே ஏற்பாடு. அந்தச் சொல்லை நான் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அங்கேதான் வாய்விட்டுச் சொன்னேன்.

உங்களுக்கு உதவக்கூடிய சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் தனியார் காணிகளுக்குள்ளாலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள் உண்டு. மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடக்கலாம், படலையை மட்டும் திறந்தபடி விட்டுவிடக் கூடாது. பல பள்ளத்தாக்குகளில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை, ஆகவே காகித வரைபடம் ஒன்று வேண்டும். யூன் மாதமானாலும் மழைச்சட்டை இல்லாமல் போகாதீர்கள். கிராமத்து மதுக்கூடங்களில் மதியச் சாப்பாட்டுக்குச் சமையலறை மூடும் நேரம் உண்டு. நாங்கள் இரண்டரை மணிக்குப் போய், உருளைக்கிழங்குப் பொரியல் பைகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மூன்றாம் நாள் தீவானின் மனைவி கட்டித் தந்த இடியப்பப் பொதி அந்த அவமானத்தைத் தீர்த்தது.

அந்த மூன்றாம் நாள்தான் மால்ஹாம் என்ற கிராமத்துக்குப் போனோம். அங்கே ரயில் இல்லை. தீவானின் வாகனத்தில் போய், ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்தில் அரைவட்டமாக நிற்கும் சுண்ணக்கல் பாறையின் பக்கவாட்டில் நானூறு படிகள் ஏறினால், மேலே வெடித்துப் பிளந்த கற்தரை விரிகிறது. யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் நிலந்தானே. மழை நீர் எங்கும் ஓடி நிற்காமல் நிலத்துக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றின் வழியாக மேலும் நடந்தபோது, மால்ஹாம் ஏரியிலிருந்து வரும் ஓடை எங்கள் கண் முன்னாலேயே கூழாங்கற்களுக்கிடையில் மறைந்துபோவதைப் பார்த்தோம். அந்தத் தண்ணீர் பாறையின் அடியிலிருந்து வெளிவரும் ஓடையாகத்தான் இருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்; ஆனால் அது கிராமத்துக்கும் கீழே வேறோர் ஊற்றில் வெளிப்படுகிறது என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள்.

"தேசிக்காய் போட்டுப் பார்த்தவங்களோ?" என்று வாத்தி கேட்டதும் மூவரும் நின்றுவிட்டோம். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், நிலத்தடியால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பதின்மூன்று வயதில், பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் மிதித்துப் போய், எங்கள் மூவரின் முதலெழுத்துகளையும் கீறிய தேசிக்காய் ஒன்றை நிலாவரையில் போட்டோம். கீரிமலையோ அப்போது இராணுவத்தின் பிடியில் இருந்தது. தேசிக்காய் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு வழியிருக்கவில்லை.

அந்தச் சைக்கிள் நினைவுக்கு வந்ததும் இனி மறைத்து வைக்க முடியாது என்று தோன்றியது. பாதை ஒற்றையடிப் பாதை. தீவான் முன்னால், நான் நடுவில், வாத்தி பின்னால். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிராத அந்த வசதிதான் என்னைப் பேசவைத்தது. நீங்கள் இடம் தேடும்போது உணவகத்தையல்ல, ஒற்றையடிப் பாதையைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

"தீவான், உன்ரை சைக்கிள் என்னட்டைத்தான் இருந்தது" என்றேன். முப்பதாந்திகதி பின்னேரம் ரியூசனுக்குப் போவதற்காக அதை வாங்கினேன். திருப்பிக் கொடுப்பதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு மூட்டைகளை அதிலே கட்டி உருட்டிக்கொண்டு போனோம். சாவகச்சேரியில் அப்பா அதை விற்று அரிசி வாங்கினார். அவனுடைய அம்மம்மாவைக் கதிரையில் தூக்கிய கதையை முந்தாநாள் கேட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

தீவான் நடப்பதை நிறுத்தித் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற வாத்தியைப் பார்த்தான்.

"நான் உன்னட்டை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்?"

வாத்திக்குப் புரிவதற்குச் சிறிது நேரம் எடுத்தது. "அப்ப 2002இலை பாதை திறந்து நீ ஊருக்கு வரேக்கை என்ரை வீட்டுப் பக்கம் எட்டியும் பாக்காமல் போனது அதுக்கே?" என்றான். தீவான் பதில் சொல்லாமல் மூக்கைத் தேய்த்தான். வாத்தி என்னை நோக்கி, நான் எழுத முடியாது என்று சொன்ன அந்தப் பழைய பட்டப்பெயரைவிட மோசமான ஒன்றைச் சொன்னான். அதற்குப் பிறகு வாகனம் நிறுத்திய இடம் வரைக்கும் இருபத்தெட்டு ஆண்டுக் கணக்குகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யார் யாருக்குக் காகிதம் போடவில்லை, யாருடைய தகப்பனின் செத்தவீட்டுக்கு யார் தொலைபேசி எடுக்கவில்லை என்று தொடங்கி, இரவு பதினொரு மணிக்கும் அது முடியவில்லை. அன்று ஒருவரும் கைத்தொலைபேசியைத் தொடவில்லை.

மறுநாள் காலை செற்றில் நிலையத்துக்குத் தீவான் எங்களைக் கொண்டுவந்து விட்டான். சைக்கிளின் விலையைத் தருகிறேன் என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் வந்து, நாங்கள் ஏறி, கதவு மூடப்போகும் நேரத்தில் மேடையிலிருந்து குரல் கொடுத்தான்.

"மச்சான், பின் ரயர் புதுசு. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்."